கடல், வானிலை, காலநிலை: எல்லா வயதுக்கும் சொல்லித்தர என்ன இருக்கிறது, எங்கே கிடைக்கும்?

மாலைவகுப்பு_தங்கச்சிமடம்:
எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே கூடத்தில்தான் உட்காருவார்கள். அழைத்துப் போக வரும் அம்மாக்களும், கடலுக்குப் போகாத நாட்களில் பெரியவர்களும் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அதற்குப் பிறகு மழை, புயல், கடல் மட்டம் என்று பிள்ளைகள் கேட்பது நிற்கவே இல்லை. எனக்கும் இதை ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசை.

பிரச்சினை என்னவென்றால், தேடினால் வருவதெல்லாம் ஆங்கிலம். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா மலைபோல் கொட்டி வைத்திருக்கிறது, ஆனால் எடுத்துக்காட்டு எல்லாம் பனிப்புயலும் அட்லாண்டிக் சூறாவளியும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் வரும் தமிழைப் பிள்ளைகள் முன்னால் வாசிக்கவே முடியவில்லை. ப்ரொஜெக்டர் கிடையாது, என் போன் ஒன்றுதான், காற்று அடித்தால் சிக்னலும் போய்விடும்.

எந்த வயதுக்கு எதை எடுப்பது? நானே தமிழில் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் தப்பாகிவிடுமா? அப்புறம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: ஆடியில் தென்கடல் (தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா) அப்படிக் கொந்தளிக்கும்போது வடகடல் (வடக்கே பாக் விரிகுடா) மட்டும் ஏன் குளம் மாதிரி கிடக்கிறது? இதற்கு எந்தத் தளத்திலும் நேரான பதில் கிடைக்கவில்லை.

மண்டபம்_புவியியல்:
டீச்சர், முதலில் வீட்டுக்குள் இருப்பதைப் பாருங்கள். நம் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் வளிமண்டலம், நீர்க்கோளம் என்று தனித்தனிப் பாடமே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நிலப்பரப்பும் பெருங்கடல்களும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் புவியியலில் இன்னும் ஆழமாக வரும். எல்லாம் பி.டி.எஃப். ஆக இலவசம், நல்ல தமிழ். இந்த மூன்றையும் அடுக்கி வைத்தாலே முதுகெலும்பு கிடைத்துவிடும். வெளிநாட்டுத் தளங்களை அதன்மேல் சதையாக ஒட்டினால் போதும்.

நோவாவில் எல்லாவற்றையும் திறக்காதீர்கள், திணறிவிடுவீர்கள். ஜெட்ஸ்ட்ரீம் என்று ஒரு வானிலைப் பள்ளி நடத்துகிறார்கள், அது பிள்ளைகளுக்கு அல்ல, உங்களுக்கு. காற்றழுத்தம், மேகம், கடல் எல்லாவற்றையும் படிப்படியாக விளக்கும், நீங்கள் வாசித்துவிட்டு உங்கள் வாயால் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு டேட்டா இன் தி கிளாஸ்ரூம் என்ற பகுதி. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறுவது), கடல் மட்டம், பவளம் வெளிறுதல், நீரின் தரம், கடல் அமிலமாதல் என்று ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றும் எளிதில் தொடங்கி ஐந்து படிகளாக ஏறும். பவளப் பாடத்தை மட்டும் கட்டாயம் எடுங்கள், ஏனென்றால் அது நம் வாசலில் நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அதே நோவாவின் பவளக் கண்காணிப்புப் பிரிவு செயற்கைக்கோளை வைத்து உலகம் முழுக்கத் தினமும் கடல் வெப்ப வரைபடம் போடுகிறது. புளோரிடாவுக்குப் பதில் நம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

சின்னவர்களுக்குத் தளமே வேண்டாம் என்பது என் கருத்து. வெயிலில் ஒரு தட்டில் மணல், ஒரு தட்டில் தண்ணீர், இரண்டிலும் வெப்பமானி. எது சீக்கிரம் சூடாகிறது என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் அதிலேயே வந்துவிடும்.

பாம்பன்_நாட்டுப்படகு:
தங்கச்சி, அந்தப் பிள்ளை கேட்டதற்கு நான் சொல்கிறேன். அலை பெரிதாக மூன்று வேண்டும். காற்று பலமாக அடிக்க வேண்டும், நிற்காமல் நேரம் பிடித்து அடிக்க வேண்டும், தடையில்லாமல் ஓடி வரத் தூரம் வேண்டும். ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. தென்கடலுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல் திறந்து கிடக்கிறது, அலை எத்தனை தூரத்திலிருந்தும் வரலாம். வடகடலுக்கு நம் தீவும், தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கிற மணல் திட்டுகளும், மன்னார் தீவும் தெற்கே மறைப்பு. காற்றும் நிலத்தைத் தாண்டி வருவதால் நம் கரையோரம் அலை எழும்பத் தூரம் பத்தாது. ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வந்தால் அப்படியே மாறும், வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். வடகடல் ஆழம் குறைவு என்பதால் அந்த அலை குட்டையாக, அடுத்தடுத்து நெருக்கமாக வந்து படகைப் போட்டு அடிக்கும். தீவில் பருவம் பார்த்துப் படகைக் கரை மாற்றிக் கட்டுவது இதற்காகத்தான். பிள்ளைகளைக் காலையில் ஒரு கரைக்கும் மாலையில் மறு கரைக்கும் கூட்டிப் போங்கள், இந்த மாதிரி ஒரே நாளில் இரண்டு கடலைப் பார்க்கிற வசதி எத்தனை ஊருக்கு இருக்கிறது!

இன்னொன்று. காற்றே இல்லாத நாளில் தென்கடலில் அலை மட்டும் ஏறி வரும், கரைப் படகையெல்லாம் புரட்டிவிடும். அது எங்கோ பெருங்கடலின் தெற்குக் கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதற்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறது. இதைப் பெரியவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள், நம் வானம் தெளிவாக இருக்கிறது என்று நம்பி இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தொண்டி_கல்லூரி:
அக்கா, பெரியவர்களுக்குப் புதிதாகப் பாடம் தேட வேண்டாம். அவர்கள் தினமும் கேட்கும் எச்சரிக்கையைப் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள், அதுவே நல்ல பாடம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள் இல்லையா, மொத்தம் 11 எண்கள். 1 என்றால் தூரத்தில் தாழ்வு மண்டலம், துறைமுகத்துக்குப் பாதிப்பு இல்லை. 2 தூரத்தில் புயல். 3 வந்தால் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கலாம். 4 புயல் பிறகு இங்கே வரக்கூடும். 5, 6, 7 அபாயம், 8, 9, 10 பெரும் அபாயம், 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எங்கள் தெருவில் எண்ணைக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் அதிகம், அர்த்தம் தெரிந்தவர்கள் குறைவு.

மழைக்கும் அப்படித்தான். வானிலைத் துறை கணக்கில் ஒரு நாளில் 6.45 செ.மீ. தொட்டால் கனமழை, 11.56 தொட்டால் மிக கனமழை, 20.44-ஐத் தாண்டினால் அதி கனமழை. நீங்கள் சொன்ன அந்த நவம்பர் மழையை இந்த அளவுகோலில் வைத்துக் காட்டுங்கள், அதன் கனம் புரியும்.

அப்புறம் அலை உயரம் 2 மீட்டர் என்று அறிவிப்பில் வந்தால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தம் இல்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதன் சராசரியைச் சொல்கிறார்கள். தனி அலை ஒன்று கிட்டத்தட்ட இரட்டிப்பாகவும் வரலாம். இன்காய்ஸின் சமுத்ரா செயலி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலி, வானிலைத் துறையின் மௌசம், மூன்றையும் போனில் போட்டு ஒரு நாளைக்கு ஒரு அறிவிப்பை எல்லோருமாக வாசித்தால் போதும்.

என் போன்ற கல்லூரிக்காரர்கள் வந்தால் ஆர்கோ மிதவைகளைக் காட்டுங்கள். உலகக் கடல்களில் சுமார் 4000 மிதவைகள், 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. தரவு எல்லோருக்கும் இலவசம். எனக்குக் கடலியல் படிக்க ஆசை வந்ததே இதைப் பார்த்துத்தான்.

கீழக்கரை_நூலகம்:
சகோதரி, ஜெராக்ஸ் கேள்விக்குப் பதில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் உருவாக்கியவற்றுக்கு அந்த நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது. அதனால் நோவா, நாசா எழுத்துகளைத் தமிழாக்கி அச்சிடலாம், எங்கிருந்து எடுத்தது என்று போட்டுவிடுங்கள். படங்களில் மட்டும் கவனம், வேறு ஒருவர் பெயர் கீழே இருந்தால் அது அவருடையது. யுனெஸ்கோ 2017-ல் வெளியிட்ட கடல் அறிவுக் கையேடு திறந்த உரிமத்தில் இருக்கிறது, பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர்ந்தால் போதும். அதில் ஏழு அடிப்படைக் கருத்துகள் உண்டு. பூமியில் இருப்பது ஒரே பெருங்கடல், வானிலையையும் காலநிலையையும் கடல்தான் பெரிதும் நடத்துகிறது, இப்படி. மாதத்துக்கு ஒரு கருத்து என்று வைத்தால் பாதி ஆண்டு ஓடிவிடும்.

வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். வாசித்துவிட்டு மூடி வைத்து, நம் ஊர் எடுத்துக்காட்டோடு திரும்ப எழுதுங்கள். சின்னவர்களுக்கு நோவாவின் டிஸ்கவர் யுவர் வேர்ல்டு செயல்புத்தகத்தில் அச்செடுக்கத் தகுந்த பக்கங்கள் இருக்கின்றன.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகமே முன்பு அங்கேதான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் கூட்டிப் போக நினைத்தால், அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அதற்குப் பதில் காரங்காட்டில் வனத்துறை நடத்தும் அலையாத்திப் படகுச் சவாரி பிள்ளைகளுக்கு ஏற்றது. பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை 90.4 வானொலியையும் மறக்காதீர்கள், சிக்னல் இல்லாத கூடத்தில் ரேடியோ வேலை செய்யும்.

மாலைவகுப்பு_தங்கச்சிமடம்:
இத்தனை பேர் இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. அண்ணன் சொன்ன இரண்டு கடல் விளக்கத்தை அந்தப் பிள்ளையே பலகையில் படம் போட்டு மற்றவர்களுக்குச் சொன்னாள். பெரியவர்களும் கூண்டு எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

இப்போது ஒரு சிக்கல். தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து வைத்தோம். எங்கள் அளவு பாம்பன் வானிலை நிலையம் சொல்லும் அளவோடு ஒத்தே வரவில்லை, ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைவு. பிள்ளைகள் சோர்ந்து போகிறார்கள்.

மண்டபம்_புவியியல்:
பாட்டிலின் அடிப்பாகம் வளைந்து மேடு பள்ளமாக இருக்கும், அதனால் முதல் சில மில்லிமீட்டர் கணக்கே தப்பாகும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். சுவர், தென்னை, முருங்கை எதன் ஓரமும் வேண்டாம், திறந்த இடத்தில் வையுங்கள். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், தாழ்ந்தால் மண்ணோடு தெறிக்கும். எத்தனை மணிக்கு அளக்கிறீர்கள்?

மாலைவகுப்பு_தங்கச்சிமடம்:
மாலையில், வகுப்பு தொடங்கும்போது.

மண்டபம்_புவியியல்:
முக்கியக் காரணம் அதுதான். வானிலைத் துறையின் ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. பள்ளிக்குக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது ஒருவர் 8.30-க்குப் பார்த்துக் குறித்து வைக்கட்டும். அதற்குப் பிறகும் வித்தியாசம் வந்தால் அதை அழிக்காமல் அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் மழை ஊருக்கு ஊர் மாறும். அந்த நவம்பர் மழையிலேயே ராமேஸ்வரத்தில் பெய்ததைவிடப் பாம்பனில் குறைவு, இரண்டும் ஒரே தீவு. மண்டபத்தில் என் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்று வைத்து அளக்கிறார்கள். உங்கள் அளவை இங்கே போடுங்கள், நாங்களும் போடுகிறோம்.

பாம்பன்_நாட்டுப்படகு:
பாம்பன் தெற்குவாடியில் ஒன்று நான் வைக்கிறேன். எங்கள் வீட்டுப் பையன் பார்த்துச் சொல்வான்.

தொண்டி_கல்லூரி:
தொண்டிக்கு நான்.

மாலைவகுப்பு_தங்கச்சிமடம்:
சரி, ஐப்பசி பிறப்பதற்குள் நாலு இடத்திலும் வைத்துவிடுவோம். தேதி, 8.30 அளவு, காற்று எந்தப் பக்கம், இந்த மூன்றும் போதுமா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

மண்டபம்_புவியியல்:
வானத்தில் எவ்வளவு மேகம் என்பதையும் சேருங்கள், எட்டில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று. வெறுங்கண்ணே போதும்.