யூரோவிஷனுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் இரவுகள்: உங்கள் ஊரில் எப்படி?

ஸ்டாக்ஹோமிலிருந்து எழுதுகிறேன்.

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் யூரோவிஷன் போட்டி மே மாதத்தில்தான் வரும். இங்கே சுவீடனில் ஆரவாரம் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். அதற்கு அனுப்பும் பாட்டை இங்கே தேர்ந்தெடுக்கும் போட்டிக்கு மெலோடிஃபெஸ்டிவாலன் என்று பெயர், பேச்சில் வெறும் 'மெல்லோ'. ஆறு சனிக்கிழமை இரவுகளுக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டோம். 2025இல் லூலியோவில் தொடங்கி மால்மோ, யொன்ஷோப்பிங் வரை ஐந்து ஊர்களில் சுற்றுகள், அப்புறம் மார்ச் 8ஆம் தேதி சொல்னாவில் இறுதிப் போட்டி. 30 பாட்டுகளில் 12 அதுவரை தாக்குப்பிடித்தன.

எனக்கு மிகவும் பிடித்தது வாக்களிக்கும் முறை. கைப்பேசிச் செயலியில் பாட்டு ஓடும்போதே இதயத்தைத் தட்டலாம், ஒரு பாட்டுக்கு ஐந்து முறை வரை, காசு கிடையாது. வாக்குகளை வயதுவாரியாகப் பிரித்துவிடுவார்கள். 3 முதல் 9 வயது வரை ஒரு குழு, 75க்கு மேல் ஒரு குழு. எந்தக் குழுவில் எத்தனை பேர் இருந்தாலும் அது கொடுக்கும் புள்ளிக்கு ஒரே மதிப்பு. என் மகள் எட்டு வயதில் இதைப் புரிந்துகொண்டாள். பக்கத்தில் மாமி. இருவரும் ஒரே சோபாவில் எதிரெதிர்க் கட்சி! மகள் ஐந்தாவது இதயத்தை உடனே தட்ட மாட்டாள், பாட்டு முடியும்வரை விரலைத் திரைக்கு மேலேயே வைத்திருப்பாள். ஒரு நாடு குழந்தையின் விருப்பத்தையும் தனியாக எண்ணிப் பார்க்கிறது, பெரிய விஷயம் இது.

அந்த இறுதிப் போட்டியில் எல்லோரும் மோன்ஸ் செல்மர்லோவ்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் வியன்னாவில் யூரோவிஷனையே வென்றவர். ஜெயித்தது கய் (KAJ) என்ற குழு. பின்லாந்தில் சுவீடிஷ் பேசும் வோரோ ஊரைச் சேர்ந்த மூன்று பேர், தங்கள் ஊர்ச் சுவீடிஷில் நீராவிக் குளியலைப் பற்றிப் பாடினார்கள். பாதிப் புள்ளி வெளிநாட்டு நடுவர்கள் கையில் இருந்தும், மக்கள் அவர்களைத் தூக்கிவிட்டார்கள். 1998க்குப் பிறகு சுவீடன் சுவீடிஷ் பாட்டை அனுப்பியது அப்போதுதான். மேடை ஏறியதும் ஊர்ப் பேச்சை மறைத்துக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? நான் எழுந்து நின்று கைதட்டினேன். அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த சுவிட்சர்லாந்தின் பாசலில் அவர்களுக்கு நான்காம் இடம் கிடைத்தது.

பலெர்மோவிலிருந்து ஒரு பதில்:

இத்தாலியில் சான்ரெமோ பாட்டு விழாதான் எல்லாம். அது 1951இலிருந்து நடக்கிறது, யூரோவிஷனுக்கே மூத்தது. அரிஸ்டன் அரங்கில் ஐந்து இரவுகள், நள்ளிரவு தாண்டியும் முடியாது. மறுநாள் வேலைத்தளத்தில் அத்தனை பேரும் தூக்கக் கலக்கத்தோடு அதைப் பற்றியேதான் பேசுவார்கள். வென்றவர் யூரோவிஷனுக்குப் போயே ஆக வேண்டும் என்று இல்லை, முதல் உரிமை அவருக்கு, அவ்வளவுதான். 2025இல் வென்ற ஒல்லி வரவில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவதாக வந்த லூச்சோ கோர்சி போனார். எனக்குச் சந்தோஷம், விழா நடந்தபோதே வீட்டில் அவருக்காகத்தான் வாதாடினேன். சத்தமில்லாத பாட்டு, யூரோவிஷன் மேடையில் எடுபடாது என்றார் அண்ணன். கோர்சி பாசல் மேடையில் ஹார்மோனிகாவை நேரடியாக வாசித்தார், ஐந்தாம் இடம் பிடித்தார். அண்ணன் இப்போது வேலைக்குப் போகும்போது காரில் அந்தப் பாட்டைத்தான் போடுகிறார்.

நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கதையையும் எழுதுங்கள்.