ஜான் நியூட்டனின் மனந்திரும்புதல் உண்மையானதுதானா?

ஞாயிறு பள்ளி ஆசிரியை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றி எங்கள் சபையின் வாலிப வகுப்பில் பேசினேன். 1748-இல் நடுக்கடலில் புயலில் சிக்கி ஆண்டவரைக் கூப்பிட்டார், வாழ்க்கை மாறியது என்றதும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “அதற்குப் பிறகுதானே அக்கா அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார்? பிறகு என்ன மாறியது?” அடுத்த ஞாயிறு சொல்வதாகக் கூறியிருக்கிறேன். மழுப்பலான பதிலைக் கொடுக்க மனமில்லை. உதவுங்கள்.

கடலோடி:
சகோதரி, அந்தப் பெண் சரியாகவே பிடித்திருக்கிறாள். மாறியவையும் உண்டு. நியூட்டன் தூஷண வார்த்தைகளை விட்டார், வேதம் வாசித்தார், தலைவரானபின் ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். நான் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத தலைவர் கடலில் கிடையாது. 1754-இல் அவர் கடலை விட்டதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல, திடீரென்று நோய் தாக்கியதால். முழுப் பொருளில் தாம் விசுவாசியானது புயலுக்கு வெகுகாலம் பின்புதான் என்று அவரே எழுதியிருக்கிறார். இதையெல்லாம் அவளிடம் மறைக்காதீர்கள்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். ‘என்ன செய்யவேண்டும்’ என்று ஜனங்கள் கேட்க, யோவான் ஸ்நானன் ஆயக்காரரிடம் வரிவசூலைப் பற்றியும் போர்ச்சேவகரிடம் சம்பளத்தைப் பற்றியும் பேசுகிறார். அவரவர் பிழைப்பிலேயே கை வைக்கிறார். நியூட்டனின் பிழைப்பில் அப்படி ஒருவரும் கை வைக்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் அது மரியாதையான தொழில். ஊர் பழிக்கும் பாவத்தை விடுவதற்கு ஊரே துணை நிற்கும். ஊர் மெச்சும் பாவத்தைப் பாவமென்று காணவே ஆண்டுக்கணக்காகிறது. நம் சபைகளிலும் குடியை விட்டவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம். மகனுக்கு வரதட்சணை வாங்கிய மூப்பரிடம் யார் கேட்கிறோம்?

ஒலிவமரம்:
கடலோடி ஐயா சொன்னதோடு 1788-ஐயும் சேர்க்க வேண்டும். அப்போது நியூட்டன் லண்டனில் பேர்பெற்ற போதகர். வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடிமை வியாபாரத்துக்கு எதிராகத் தம் பெயரிலேயே பிரசுரம் வெளியிட்டார். அலமாரியில் புத்தகங்களை அடுக்குவதுபோல் மனிதர்களை நெருக்கிக் கிடத்தியதை எழுதினார். தாமும் அதில் கருவியாக இருந்ததை ஒப்புக்கொண்டார், அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முன் சாட்சியும் சொன்னார். அதே லூக்கா 3-இல் யோவான் கேட்கும் ‘மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி’ என்று நான் காட்டுவது இதைத்தான், புயலில் செய்த ஜெபத்தை அல்ல. அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-இல் நிறைவேறியது; அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார்.

எபிநேசர் வீடு:
புயலுக்கும் பிரசுரத்துக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள் போயினவே! அவர் கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்தப் பிரசுரத்தால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. லூக்கா 19-இல் இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன் சகேயு அன்றைக்கே, தான் ஏமாற்றியவர்களுக்கு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நியூட்டனின் மாற்றம் மெய்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவருடைய ஆத்துமாவைப் பற்றி மட்டும் பேசி, கீழ்த்தளத்தில் கிடந்தவர்களை விட்டுவிடாதீர்கள், சகோதரி.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. லூக்கா 3, 19 இரண்டையும் சேர்த்தே வாசிக்கப் போகிறோம். கீழ்த்தளத்தைப் பற்றிய பகுதியை அந்த மாணவியையே வாசிக்கச் சொல்வேன். வரதட்சணைப் பேச்சை எடுத்தால் பெற்றோர் சிலர் போதகர் ஐயாவிடம் முறையிடுவார்கள். முறையிடட்டும், எடுக்கத்தான் போகிறேன்.