மறு: டிரான்ஸ்மாக், காலப்பிழை: இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். வீடியோ விளையாட்டுகளில் வீரர்களின் கவசம் பற்றிய கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில் இது.

> கஸ்டமைசேஷனுக்குத் 'தனிப்பயனாக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. விளையாட்டுக்கென்று இன்னொன்று எதற்கு?

கைப்பேசியில் எழுத்தளவை மாற்றுவதற்கு அந்தச் சொல் சரி. ஒரு வீரன் பஞ்சடைத்த சட்டை, அதன்மேல் இரும்பு வளையங்களைக் கோத்த வளையச்சட்டை, அதற்கும் மேல் இரும்புத் தகடு என்று அடுக்கிக்கொண்டு கிளம்பும் இடத்தில் அது ஒட்டவில்லை. 'போர்க்கோலம் பூண்டான்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். போர்க்கோலம் என்றே வைத்துவிடலாம். பட்டனிலும் அடங்கும்.

டிரான்ஸ்மாக் வேறு சங்கதி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் 2011-இல் வந்த வசதி அது: காப்பது ஒரு கவசம், கண்ணுக்குத் தெரிவது இன்னொன்று. ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவும் 2021-இல் இதைச் சேர்த்துக்கொண்டது. சென்ற மடலில் வந்த 'உருமாற்றம்' எனக்குப் புழு பட்டாம்பூச்சி ஆவதைத்தான் நினைவூட்டுகிறது. இங்கே மாறுவது மேல்தோற்றம் மட்டுமே என்பதால் 'மேற்கோலம்' என்கிறேன்.

> காலத்துக்கு ஒவ்வாத கவசத்தைக் காலப்பிழை என்று சொல்லிவிட்டுப் போகலாமே ஐயா.

போகலாம். ஆனால் எல்லாமே பிழைதானா?

கிங்டம் கம்: டெலிவரன்ஸை எடுத்துக்கொள்வோம். செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018-இல் வெளியிட்டது. கதைக்களம் 1403-ஆம் ஆண்டின் பொஹீமியா, இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. மந்திரமும் கிடையாது, டிராகனும் கிடையாது. தலைக்கவசத்தின் முகத்தகட்டை இறக்கினால் திரையில் பார்வை குறுகும். தகட்டுக் கவசத்தோடு நடந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். ரத்தக்கறையோடு போய்ப் பேசினால் மதிப்பு இறங்கும். இத்தனை கறாரான விளையாட்டிலும் முழுக் கவசத்தை மெனுவில் நொடியில் மாட்டிக்கொள்ளலாம்! நிஜத்தில் துணைக்கு ஆள் வேண்டும், கணிசமான நேரமும் ஆகும். இதைப் பிழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆட்டம் நகரவேண்டும் என்று தெரிந்தே விட்டுக்கொடுத்தது இது.

நம் இலக்கணம் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால், இருந்த இடத்தைவிட்டு அசையாமலேயே 'இதோ வந்துட்டேன்' என்கிறோம். அது காலவழுதான், அதாவது காலம் பிறழ்ந்த பிழை. ஆனால் விரைவு கருதிச் சொன்னது என்பதால் நன்னூல் அதை ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஏற்பதுதான் வழுவமைதி. எனக்குப் பிடித்தது, அங்கே சலுகை சும்மா கிடைப்பதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று ஏதாவது ஒரு காரணம் காட்டவேண்டும். காரணம் இல்லாதது வெறும் வழு.

எனவே என் முன்மொழிவு: வரலாற்று வழு, வரலாற்று வழுவமைதி. இவற்றுக்கு உள்ளேயே வகையும் பிரிக்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலான சாலெட் தலைக்கவசத்தை 1403-இல் ஒருவன் போட்டிருந்தால் காலவழு. ஃபார் ஹானர் விளையாட்டில் ஐரோப்பிய வீரனும் சாமுராயும் ஒரே களத்தில் மோதுவது இடவழு. (இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை, அறிவேன். இங்கே ஊர் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வராதீர்கள்.)

மரபுவழு இன்னும் சுவையானது. 1181-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி போட்ட ஆயுதச் சட்டம், சொத்துக்கு ஏற்ப யார் யார் எந்தப் போர்க்கருவி வைத்திருக்கவேண்டும் என்று வகுத்தது. வசதி உள்ளவனுக்கு வளையக்கவசம். சாதாரணச் சுதந்திரக் குடிமகனுக்குப் பஞ்சடைத்த சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. அப்படியானால் தகட்டின் வடிவம், ஆணி, வார் எல்லாம் அச்சு அசலாக இருந்தும், போட்டிருக்கும் ஆள் பொருந்தவில்லை என்றால் அதுவும் வழுவே. கிங்டம் கம்மின் நாயகனான கொல்லன் மகன் பிரபுவின் கவசத்தில் உலாவுவது இந்த வகை. விளையாடுபவரின் உழைப்புக்குப் பலன் வேண்டும் என்பதால் வழுவமைதி கொடுக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய கவசத்தைப் பார்த்தவுடன் 'தப்பு' என்று பாய்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1361-இல், இன்று ஸ்வீடனைச் சேர்ந்த கோட்லாந்துத் தீவின் விஸ்பி நகருக்கு வெளியே டென்மார்க் படையிடம் தோற்று மடிந்தவர்களில் பலரைக் கவசத்தோடேயே குழியில் போட்டுவிட்டார்கள். பின்னால் தோண்டியபோது கிடைத்தவற்றில் பல, அன்றைக்கே பழம்பாணி ஆகிவிட்டவை. தாத்தாவின் சட்டையைப் பேரன் போட்டு நிற்பது வழு ஆகாது, வழாநிலை, அதாவது பிழையற்ற நிலை. பேரனின் சட்டையைத் தாத்தா போட்டிருந்தால்தான் கேள்வி. ஆகவே ஒரே போர்க்கோலத்தில் இரண்டு தலைமுறைப் பொருள்களைக் கலக்க விடுவது வரலாற்றுக்கு விரோதம் இல்லை.

சரி, சில விளையாட்டுகளில் காசு கொடுத்து வாங்கும், நெருப்பு கக்கும் கவசம்? அதற்கும் காரணம் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். கல்லாப்பெட்டி நிறைவதை நன்னூலார் காரணமாகச் சொல்லவில்லை. அது வழு.

'வழுவமைதி மெனுவுக்கு நீளம்' என்ற ஆட்சேபம் வரும். அதை மெனுவில் எல்லா இடத்திலும் எழுதப்போவதில்லை. பலர் சேர்ந்து ஆடும் சர்வரின் அமைப்புகளில் 'வழுவமைதி: உண்டு / இல்லை' என்று ஒரு வரி, அப்புறம் விமர்சனக் கட்டுரைகள், அவ்வளவுதான்.

மேற்கோலத்தில் மட்டும் எனக்கே முழுத் திருப்தி இல்லை. சின்ன எழுத்தில் கண் அதை 'மேற்கோள்' என்று படித்துவிடுகிறது. 'புறக்கோலம்' என்றால் பொய்வேட நெடி அடிக்கிறது. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். போர்க்கோலம், வரலாற்று வழு, வரலாற்று வழுவமைதி என்ற மற்ற மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றலாமா?

அன்புடன்