தளம் திறக்கவில்லை என்றால் டொமைன் (தளத்தின் பெயர்) போய்விட்டதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாம்பனிலிருந்து:
மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கருவாடு விற்கும் எங்கள் மாமாவுக்கு அந்த 61 நாளும் கையிருப்பை வைத்துத்தான் பிழைப்பு. அந்த நேரம் பார்த்துக் கடையின் தளம் திறக்கவில்லை. "மருமகனே, யாரோ நம்ம பேரைத் தூக்கிட்டாங்கடா" என்று போனில் தழுதழுத்தார்.

டொமைன் பெயரை ஒரு சோதனைக் கருவியில் போட்டேன். "இந்தப் பெயர் கிடைக்கும்" என்று பச்சையில் வந்தது. வாங்கப் போனால் முடியவில்லை. இன்னொரு கருவியோ "பதிவாகியுள்ளது" என்றது. அரை நாள் இதிலேயே போயிற்று.

முதல் கருவி டிஎன்எஸ்ஸை (பெயருக்கான தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று சொல்லும் முகவரிப் புத்தகம்) மட்டும் கேட்டிருக்கிறது. அங்கே பதில் இல்லை என்றதும் பெயர் காலி என்று முடிவு கட்டிவிட்டது. வீடு பூட்டிக் கிடந்தால் சொந்தக்காரர் இல்லை என்றாகிவிடுமா? பட்டா யார் பெயரில் என்றல்லவா பார்க்க வேண்டும்! இரண்டாவது கருவி அதைத்தான் செய்தது, பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியின் ஆர்டாப்பை, அதாவது பதிவு விவரம் தரும் சேவையைக் கேட்டது. (டாட் காம் போன்றவற்றுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஹூயிஸ் என்ற பழைய தேடல் சேவை கட்டாயமில்லை, ஆர்டாப்தான்.)

அந்தப் பதிலின் அடியில் "ரிடெம்ப்ஷன் பீரியட்" (மீட்புக் காலம்) என்று ஒரு வரி. காலாவதியான டாட் காம் பெயரை ரிஜிஸ்ட்ரார் (நாம் பெயரை வாங்கிய நிறுவனம்) நீக்கியபின் 30 நாள் இந்த நிலையில் இருக்கும். பழைய உரிமையாளர் மட்டும் மீட்கலாம், கட்டணம்தான் கூடுதல். அதைத் தவறவிட்டால் "பென்டிங் டெலிட்" (அழிக்கக் காத்திருக்கும் நிலை) 5 நாள். அதில் நாம் எதுவும் செய்ய முடியாது, பிறகு பெயர் யாருக்கும் கிடைக்கும். எங்களுக்கு 9 நாள் மிச்சமிருந்தது. மீட்டுவிட்டோம். நினைவூட்டல் எல்லாம் மாமா திறப்பதே இல்லாத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது.

கீழக்கரையிலிருந்து:
எங்கள் காக்கா (அண்ணன்) தொதல் என்ற இனிப்பை அனுப்பி விற்கிறார். டொமைன் முடிய இன்னும் 2 வருடம் இருந்தும் தளம், மின்னஞ்சல் இரண்டும் ஒரே நாளில் நின்றன. தளத்தைத் தங்கள் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரர்கள் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆர்டாப்பில் பார்த்தால் "கிளையன்ட் ஹோல்ட்", அதாவது பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முன்னால் "கிளையன்ட்" என்றிருந்தால் பூட்டுப் போட்டது ரிஜிஸ்ட்ரார். "சர்வர்" என்றிருந்தால் ரிஜிஸ்ட்ரி. யாரிடம் போய் நிற்பது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. காக்கா தொடர்பு விவரத்தை மாற்றியபோது வந்த சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு 15 நாளாகப் பதில் போடவில்லை. இணைப்பை அழுத்தினோம், அன்று மாலையே தளம் வந்துவிட்டது.

தொண்டியிலிருந்து:
எனக்கு "கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்" என்று சிவப்பில் காட்டியது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நம் பெயரை வேறு யாரும் மாற்றிக்கொண்டு போகாமலிருக்கப் போடும் வழக்கமான பூட்டுதானாம் அது. விளக்கம் ஒரு வரி போட்டிருக்கலாமே! பாம்பன் தம்பி, மாமா மின்னஞ்சலை மாற்றிவிட்டாரா?

பாம்பனிலிருந்து:
மாற்றியாச்சு அண்ணே. புதுப்பிக்கும் தேதியையும் கடைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.