கறுப்புக்கு ஊது, சிவப்புக்கு மல்லியாம்! எவன் சொன்னது?

கீழக்கரை அத்தர்காரன்:
நேத்து இங்க பாம்பன் தம்பி ஒருத்தர் எழுதுனதப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. கறுப்பா இருக்கவங்களுக்கு ஊதுங்கிற அகில் அத்தருதான் எடுக்கும், மல்லி ரோஜாவெல்லாம் சிவப்பா இருக்கவங்களுக்குத்தானாம். இதே பேச்ச ராம்நாட்ல ஒரு கடையில என் தங்கச்சி மகட்ட சொல்லிருக்கான். புள்ள கல்யாணத்துக்குப் போட மல்லி அத்தர் கேட்டுச்சு, ஒங்க கலருக்கு இது சரிப்படாதும்மான்னு குப்பியத் தெறக்கக்கூட இல்ல, உள்ள வச்சுட்டான். வீட்டுக்கு வந்து அழுதுச்சு. வாப்பா காலத்துலேர்ந்து அத்தர் விக்கிற குடும்பம் நாங்க, சொல்றேன் கேளுங்க, தோல் நிறத்துக்கு வாசம் கிடையாது. தோல்ல இருக்க எண்ணெயும் ஈரமும்தான் வாசத்தப் புடிச்சு வைக்கும். காஞ்ச தோல்ல சீக்கிரம் பறந்துரும், எண்ணெப் பசை உள்ள தோல்ல நிக்கும்.

பாம்பன் பாலத்தான்:
எழுதுனது நான்தான் காக்கா, இப்பவும் அதத்தான் சொல்றேன். துபாய்லேர்ந்து வந்த ஒரே பாட்டில், ஒரே நேரத்துல நானும் என் மச்சானும் அடிச்சோம். எனக்கு ரெண்டு மணி நேரத்துல போயிருச்சு, அவனுக்கு எட்டு மணி நேரம் நின்னுச்சு. நான் மாநிறம், அவன் நல்ல கறுப்பு. எட்டு மணி நேரம்!

கீழக்கரை அத்தர்காரன்:
மச்சான் ஒடம்புக்கு தேங்காண்ணெ தேய்க்கிற ஆளா? அடிச்சது தோல்லயா சட்டையிலயா? துணியில தோலவிட கூடுதலா நிக்கும். இன்னொண்ணு தம்பி, நம்ம மேல உள்ள வாசம் கொஞ்ச நேரத்துல நம்ம மூக்குக்குப் பழகிப்போயிரும், அப்புறம் நமக்குத் தெரியாது, பக்கத்துல உள்ளவனுக்குத் தெரியும். ஒன்னுது ரெண்டு மணி நேரத்துல போச்சுன்னு சொன்னது யாரு, நீதானே? அவனுது எட்டு மணி நேரம் நின்னுச்சுன்னு மோந்து பாத்ததும் நீதானே?

பாம்பன் பாலத்தான்:
எண்ணெ, சட்டை, மூக்குன்னு சுத்தி வளைக்காதீங்க. எட்டு மணி நேரம் நின்னுச்சா இல்லயா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

தங்கச்சிமடம் நாத்துக்காரி:
மல்லிக்கு கலர் பாக்குறவன் மல்லிச் செடிய கண்ணால பாத்துருக்க மாட்டான். எங்கம்மா கறுப்பு, நாப்பது வருசமா வெயில்ல குனிஞ்சு மல்லி நாத்துப் போட்டவங்க, அவங்க தலையில வச்சா மணக்காதா? மதுரை மல்லி மதுரை மல்லின்னு பீத்துறாங்களே, அதுக்கு நாத்து போறது எங்க ஊர்லேர்ந்து.

தொண்டி மாப்ள:
அக்கா, மதுரை மல்லிக்கு 2013லயே புவிசார் குறியீடு, அதான் இது இந்த ஊரு சரக்குங்கிற முத்திரை, குடுத்தாச்சு. நாத்து எங்கேர்ந்து போனா என்ன, மணத்தக் குடுக்குறது அந்த மண்ணு. சும்மா எல்லாத்தையும் நம்மளுதுன்னு சொல்லாதீங்க.

தங்கச்சிமடம் நாத்துக்காரி:
போன மாசம் கருவாட்டு விசயத்துலயும் நீதான் வந்து ஊர மட்டம் தட்டுன, மறக்கல. பெத்தவ ஒருத்தி பேரு வாங்குறவ ஒருத்தியா?

கீழக்கரை அத்தர்காரன்:
மல்லிச் சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. ஊதுங்கிறது வேற ஒண்ணுமில்ல, நம்ம அகிலுதான். அந்த மரத்துல பூஞ்சை புடிச்சு உள்ள பிசின் ஊறுனாத்தான் வாசமே வரும். எலுமிச்ச வகை வாசம் மொதல்ல பறக்கும், அகிலு சந்தனம் கடைசிவரைக்கும் அடியில நிக்கும், அது சரக்கோட கொணம். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டு விழாவுல கறுப்பு சிவப்புன்னு பாத்தா சந்தனம் பூசுறாங்க? தோலப் பத்தி ஒரு எச்சரிக்கை வேணா சொல்றேன். பெர்காமோட்ங்கிற எலுமிச்ச வகைப் பழத்து எண்ணெ சேத்த சில செண்ட கழுத்துல அடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னா கறுப்பு திட்டு விழும், நம்ம கடக்கர வெயிலுக்கு அது ஆகாது.

பாம்பன் பாலத்தான்:
பாத்தீங்களா! நீங்களே ஒத்துக்கிட்டீங்க, செண்டுக்கும் நிறத்துக்கும் சம்மந்தம் இருக்குன்னு!

கீழக்கரை அத்தர்காரன்:
அட என்னப்பா, வெயில் பட்டு தோலு புண்ணாகி கருக்குறதச் சொன்னேன். கறுப்பா இருந்தா வாசம் மாறும்னு எங்க சொன்னேன்? படிச்சுட்டுப் பேசு.

தொண்டி மாப்ள:
அத்தர்னா ஒசத்தி, ஸ்ப்ரேன்னா மட்டம்னு காட்டத்தான் காக்கா இவ்வளவு மெனக்கெடுறாரு. யாவாரம். கேட்டா கடையில மீனம்பர் கூட எடுத்துக் குடுப்பாரு.

கீழக்கரை அத்தர்காரன்:
நாக்க அடக்கிப் பேசு. மீனம்பர் திமிங்கலத்து வயித்துலேர்ந்து வர்ற வாசனைச் சரக்கு, 1972 வனவிலங்குச் சட்டத்துல கைல வச்சிருந்தாலே கேசு. எங்க வாப்பா ஒரு சொட்டு கலப்படம் பண்ணாத மனுசன், அந்தப் பேர வச்சுத்தான் நாங்க சோறு திங்கிறோம். தொண்டியில ஒக்காந்து எதையாவது எழுதிட்டுப் போகாத. பாலத்தான் தம்பி, ஒனக்கு வாறேன். மச்சானக் கூட்டிக்கிட்டு கீழக்கரைக்கு வா. ரெண்டு பேரும் சோப்புப் போட்டுக் கழுவுங்க, எண்ணெ கூடாது, முழங்கைக்கு உள்பக்கம் ஒரே அளவு மல்லி அத்தர் தொட்டு வைக்கிறேன். மோந்து பாக்குறது நீயும் இல்ல நானும் இல்ல, மூணாவது ஆளு.

பாம்பன் பாலத்தான்:
மச்சான் மீன்புடி போட்டுல கடலுக்குப் போயிட்டான், எப்ப கர திரும்புவான்னு தெரியாது. அவன் வந்தாலும் வராட்டியும் எட்டு மணி நேரம் எட்டு மணி நேரந்தான்.

தங்கச்சிமடம் நாத்துக்காரி:
காக்கா, அந்தப் புள்ளைக்கு கடைசில மல்லி அத்தர் போட்டு விட்டீங்களா இல்லயா? அதக் கேக்க ஒருத்தருக்கும் தோணல.

தொண்டி மாப்ள:
அக்கா, புவிசார் குறியீட்டுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.