தங்கைக்காக ஓர் உதவி வேண்டுகிறேன்

உறவுகளுக்கு வணக்கம். வலங்கைமான் அருகே எங்கள் வீட்டில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. அம்மா இல்லாத வீடு இது. பத்தியச் சமையலும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பக்கத்து வீட்டு அத்தையின் தயவில் நடந்துவந்தன, சம்பா நடவு தொடங்கியதும் அவரும் வயலுக்குப் போக வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார்.

குழந்தை உறங்கும்போதும் அவள் உறங்குவதில்லை. தான் நல்ல தாய் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிறாள். பிள்ளை பெற்ற உடம்பு, தானே சரியாகும் என்கிறார்கள் உறவினர்கள். ஆனால் பேற்றுக்குப் பின் பலருக்கும் வரும் மனத்தளர்ச்சி பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடும் என்பதையும், அதற்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவைப்படலாம் என்பதையும், உடனிருந்து தாங்க ஆளில்லாத தாய்மாருக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதையும் அறிந்தபின் என்னால் காத்திருக்க முடியவில்லை. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசினேன். பொறுமையாகக் கேட்டு, மருத்துவரிடம் நேரில் காட்டச் சொன்னார்கள்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பகுதியில் பாலூட்டும் தாய்மாரைப் பரிவோடு பார்க்கும் பெண் மனநல மருத்துவரை அறிந்தவர்கள் தெரிவியுங்கள். பகலில் இரண்டு மணி நேரமாவது அவள் கண்ணயரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அனுபவமுள்ள அம்மா ஒருவர் கிடைத்தால் உரிய சம்பளம் தருகிறோம். இந்நிலையைக் கடந்துவந்த சகோதரிகள் யாரேனும் அவளிடம் தொலைபேசியில் பேச இசைந்தால் பேருதவியாக இருக்கும். அண்ணனிடம் சொல்ல முடியாதவை அவளுக்குப் பல உண்டு.