ஆழ்கூளம் கட்டி தட்டுகிறது, மழைக்காலத்தில் எப்படிச் சமாளிப்பது?

வணக்கம். 10க்கு 8 அடி கொட்டகை, 20 நாட்டுக்கோழி. தரையில் அரை அடி உயரத்துக்கு மரச்சீவலும் உமியும் கலந்த கூளம். வெயில் காலம் முழுக்கப் பிரச்சினை இல்லை. மழை பிடித்ததிலிருந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும், இரவில் அடையும் கம்புக்குக் கீழேயும் கூளம் அடைபோல் இறுகிவிடுகிறது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உதிராமல் உருண்டையாகவே நிற்கிறது. குனிந்தால் கண் எரிகிற அளவுக்கு அம்மோனியா வாடை. கோழியின் தலை அந்த உயரத்தில்தானே இருக்கிறது.

கூரை ஒழுகவில்லை, சாரலும் அடிக்கவில்லை. தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியாயிற்று, சிந்துவது குறைந்தது. கட்டிகளை அள்ளிவிட்டு வாரம் 2 முறை கிளறிவிடுகிறோம். இருந்தும் காயவில்லை. சாரலுக்குப் பயந்து பக்கவாட்டில் தார்ப்பாயை மேல்வரை இழுத்து மூடியதில் ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் போயிற்றோ என்று சந்தேகம்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்:

தார்ப்பாயின் மேல்பக்கம் எத்தனை அங்குலம் திறந்து விடலாம்? கம்பில் அடைந்திருக்கும் கோழிமேல் நேராகக் குளிர்காற்று படக்கூடாது.

நீற்றிய சுண்ணாம்பு தூவுகிறவர்கள் சதுர அடிக்கு எவ்வளவு போடுகிறீர்கள், கோழிகளை எவ்வளவு நேரம் கழித்து உள்ளே விடுகிறீர்கள்?

5 வாரக் குஞ்சுகளும் இதே கூளத்தில்தான். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் ரத்தக்கழிச்சல் கிருமி வேகமாக முற்றும் என்பதால் அவற்றுக்குத்தான் பயம். எச்சத்தில் இன்னும் ரத்தம் இல்லை. இப்போதே தனியாகப் பிரித்துவிடுவதா, கூளத்தை மொத்தமாக மாற்றினால் போதுமா?